சாம்பலனின் குளம்புச் சத்தம்

கோப்பைப் பந்தயத்தில் சாம்பலன் தோற்ற மறுநாள் பிற்பகல், பந்தயம் நடந்த அதே நேரத்துக்கு, குதிரை இல்லாமல் அதன் குளம்புச் சத்தம் மட்டும் கற்பூர மரத்து வளைவிலிருந்து கிளம்பி, புல்லைப் பிய்த்து எறிந்துகொண்டு, ஈர மண்ணை வேலியோரம் நின்றவர்கள் சட்டையில் தெளித்துக்கொண்டு, வளைவைச் சுற்றி நேர்ப்பாதையில் இறங்கி, வெற்றிக் கம்பத்தைத் தாண்டி அடங்கியது. ஊரில் எல்லோரும் கேட்டார்கள். ஏன், எப்படி என்று விசாரிக்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். நடந்தது இது.

மலைமேல் இருக்கிற அந்த ஊருக்கு நடு வயிற்றில் பந்தய மைதானம். ஒரு பக்கம் பேருந்து நிலையம், ஒரு பக்கம் மார்க்கெட், மேட்டில் மாதா கோயில், பள்ளத்தில் கேரட் கழுவுகிற தொட்டிகள். சித்திரை வெயில் தொடங்கினால் சமவெளியில் இருக்கிற குதிரைகள் லாரியில் ஏறி வரும். ஜூன் மழைக்கு முன்னால் இறங்கிவிடும். நடுவே இருக்கிற நாட்களில் ஊரார் குதிரையைத்தான் தின்று குதிரையைத்தான் குடிப்பார்கள். கண்டக்டர் சீட்டுக் கிழிக்கும்போது குதிரை, முடிவெட்டுகிறவன் பிடரியில் கத்தி வைக்கும்போது குதிரை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் முழங்கால் போட்டவன்கூடக் கடைசியில் மெல்ல, "கோப்பைக்கு எது சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அந்த வருஷம் யாரும் எதையும் கேட்கவில்லை. சாம்பலன்தான். பந்தயப் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் சொன்னதில்லை. எரிந்த விறகின் சாம்பல் நிறம், நெற்றியில் ஒரு கறுப்புத் திட்டு, நின்ற இடத்தில் நிற்கும்போதே எங்கோ போய்க்கொண்டிருப்பது போன்ற ஒரு பார்வை. அதுவரை தோற்றது கிடையாது. மைதான வாசலில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் விற்கிற கௌரம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றி அதன்மேல் பந்தயம் கட்டினாள். கேரட் கழுவுகிற பெண்கள் சீட்டுப் போட்டுக் கட்டினார்கள். தோற்கிற குதிரைமேல்தான் கட்டுவேன் என்று வீம்பு பிடிக்கிற போஸ்ட்மேன் பெள்ளியும் அந்த வருஷம் மனசு மாறிக் கட்டினான்.

ஓட்டியது சவரி. சவரிநாதன். நாற்பதைத் தாண்டிய ஆள், உடம்பில் பிடித்துக் கிள்ள சதை கிடையாது. கடைசியில் வந்து ஜெயிப்பதில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. எல்லாக் குதிரைக்கும் பின்னால், தூங்குகிறவன் போல உட்கார்ந்திருப்பான், கம்பம் நெருங்கும்போது ஜனங்களுக்கு நெஞ்சு அடைக்கும், அப்போது கிளம்புவான். ஒரு கழுத்து நீளத்தில், ஒரு தலை நீளத்தில், சில சமயம் ஒரு மூக்கு நீளத்தில் ஜெயிப்பான். ஜனங்கள் தொப்பியைத் தூக்கி எறிவார்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் அடிமைப்பட்டிருந்தான். இது அப்போது யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

பந்தயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக.

குதிரைப் பந்தயம் என்பது வேகமாக ஓடுவது இல்லை. ஒவ்வொரு குதிரைக்குள்ளும் ஓர் அளவு ஓட்டம் இருக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் ஜாக்கியின் வேலை. முன்னால் போகிறவன் கண்மண் தெரியாமல் போனால், பின்னால் இருக்கிறவன் காத்திருக்கலாம்; முன்னவன் களைத்துத் தானே கைக்கு வருவான். முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால், காத்திருக்கிறவன் முட்டாள்; ஏனென்றால் முன்னவன் களைக்கப்போவதே இல்லை, மிச்சம் பிடித்ததையெல்லாம் கடைசியில் கொட்டிவிடுவான். இது தெரியாத ஜாக்கி கிடையாது.

அன்று முன்னால் போனவன் ஜமால். இளவட்டம். அவன் ஏறியிருந்தது ஒரு கிழட்டுப் பெண்குதிரை. அதை அவன் மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனான். மற்ற ஜாக்கிகள் ஜமாலைப் பார்க்கவில்லை, சவரியைப் பார்த்தார்கள்; பேவரிட் கிளம்பட்டும், அப்புறம் நாம் என்று. சவரி யாரையும் பார்க்கவில்லை. காற்று முகத்தில் அடிக்கிற அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, வேகம் பத்தாது, மெதுவாகப் போகிறார்கள், இப்போதே கிளம்ப வேண்டும் என்று.

சாம்பலனுக்கும் தெரிந்தது. கற்பூர மரத்து வளைவில் அது கழுத்தை நீட்டிக் கடிவாளத்தை ஒரு முறை இழுத்தது. போகட்டுமா என்று கேட்டது. சவரி விரல்களை மூடி, "பொறு" என்றான். இன்னொரு முறை இழுத்தது. "பொறுடா." மூன்றாம் முறை இழுத்தது, வாயோரம் நுரையில் சிவப்பு தெரிய. "பொறு!" என்றான் சவரி. மேட்டிலும் வேலியிலும் பேருந்துக் கூரைகளிலும் நிறைந்திருந்த ஜனத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அதன் பிறகு அது கேட்கவில்லை. நல்ல குதிரை. சொன்னதைக் கேட்கும்.

நேர்ப்பாதையில் அவன் கையைத் திறந்தபோது சாம்பலன் பறந்தது, பாய்ந்தது, என்னவெல்லாமோ செய்தது. ஜமாலின் கிழவியும் மிச்சம் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டியது. கம்பத்தில் ஒரு மூக்கு நீளம். கிழவியின் மூக்கு.

ஊர் ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான், சத்தமே இல்லை. சவரி வாழ்நாளில் கேட்டிராத அந்த அமைதிக்குள், சாம்பலனைப் பார்த்துக்கொள்கிற லாயக்காரர் தொப்பளான் வந்து வாரைப் பிடித்து லாயத்துக்கு நடத்திப் போனார். சிமெண்ட் தரை வந்ததும் நின்றார். லாடம் கழன்று விழுந்துவிட்டதோ என்று குனிந்து நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். நாலும் இருந்தன. மறுபடி நடத்தினார். பஞ்சுமேல் நடக்கிற மாதிரி, பனிமேல் பனி விழுகிற மாதிரி, அது சத்தமில்லாமல் நடந்தது. தொப்பளான் யாரிடமும் சொல்லவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அன்று சாயங்காலமே விசாரணை. மைதான ஆபீசில் கோட்டுப் போட்ட மூன்று பேர். பணம் வாங்கினாயா என்று கேட்டார்கள். வாங்கவில்லை என்றான், உண்மை. டிரெய்னர் மாசிலாமணியிடம், இவனை நிதானமாக ஓட்டச் சொன்னீர்களா என்று கேட்டார்கள். "குதிரையைக் குடுத்தேன், உன் இஷ்டம்னேன்" என்றார் அவர், அதுவும் உண்மை. முன்னால் மெதுவாகப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா என்று கடைசியாகக் கேட்டார்கள்.

"தெரியலைங்க" என்றான் சவரி.

கணிப்புத் தவறு என்று எழுதி விட்டுவிட்டார்கள்.

மறுநாள்தான் சத்தம் வந்தது. சத்தத்தை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊராக இருந்தால் பயந்திருக்கும், பூசை போட்டிருக்கும், பேப்பரில் கொடுத்திருக்கும். இந்த ஊர் முதல் நாள் வாயைப் பிளந்தது, இரண்டாம் நாள் கணக்குப் போட்டது, மூன்றாம் நாள் வேலையை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டது. மைதானத்துக்குக் குறுக்கே மார்க்கெட்டுக்குப் போகிற பாதை உண்டு. அந்த நேரம் வந்தால் ஒரு போலீஸ்காரர் அங்கே கயிறு கட்டினார், கேரட் மூட்டைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கோத்தகிரி பஸ் கண்டக்டர், "சாம்பலன் போகட்டும்பா, அப்புறம் விசில் குடுக்கறேன்" என்றார், ஒரு பிரயாணியும் முனகவில்லை. மாதா கோயில் சாமியார் பாட்டுப் பயிற்சியை அரை மணி தள்ளி வைத்தார். நகராட்சிக் கூட்டத்தில், இது தெருவில் திரிகிற கால்நடைக் கணக்கில் வருமா, வாகனக் கணக்கில் வருமா என்று இரண்டு கட்சிக்காரர்களும் நாற்காலியைத் தூக்கிச் சண்டை போட்டு, கடைசியில் அது வருகிற நேரம் வந்துவிட்டதால் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், தீர்மானம் அப்படியே நின்றுபோனது. சுற்றுலா வந்தவர்கள் போனை நீட்டிப் பதிவு செய்து பார்த்தார்கள். போனில் ஜனங்கள் கத்துவது மட்டும் இருந்தது.

ஏன் கத்தினார்கள் என்றால், அது ஜெயித்தது. கற்பூர மரத்தடியில் முதலில் மூன்று உதை கேட்கும், நின்ற இடத்திலேயே, தும், தும், தும் என்று. மூன்றாம் உதை விழுந்ததும் கிளம்பும். அது வளைவைச் சுற்றி வருகிற வேகத்தில் எந்தக் கிழவியும் அதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்பது காது இருக்கிற எவனுக்கும் புரிந்தது. பத்துக் குதிரை நீளத்தில் ஜெயித்தது. மறுநாளும் ஜெயித்தது. கோடை மழையில் ஜெயித்தது, மூடுபனியில் ஜெயித்தது. தோடு போன கௌரம்மா கரண்டியால் பாய்லரைத் தட்டிக்கொண்டு, "சாம்பலா! ஏ சாம்பலா!" என்று கூவினாள். போன தோடு போனதுதான், ஆனால் அதைக் கட்டியது தப்பில்லை என்று தினமும் ஒரு முறை அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கே அப்படித்தான். தோற்ற ஊர் தினமும் ஜெயித்தது.

சவரி தினமும் தோற்றான். அவன் தங்கியிருந்த அறைக்கு மைதானத்தைப் பார்த்த ஜன்னல். சாத்தினான். சாத்தின ஜன்னல் வழியாகவும் அந்த மூன்று உதை கேட்டது. ஊர் அதை, கிளம்புமுன் கால் உதறிக்கொள்கிறது என்று நினைத்தது. அவனுக்குத்தான் தெரியும் அது என்னவென்று. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று தடவை குதிரை கேட்டது, மூன்று தடவை அவன் பொறு என்றான்.

இதற்குள் லாயத்தில் குதிரை வற்றிக்கொண்டிருந்தது. இருட்டில் படி இறங்கும்போது, முடிந்துவிட்டதா இன்னும் ஒரு படி இருக்கிறதா என்று கால் தேடுமே, அப்படி ஒவ்வொரு அடிக்கும் அதன் கால் தேடியது. வைத்த கால் தரையில் பட்டதா என்று அதற்கு நிச்சயமில்லை. காதைத் தாழ்த்திக் குளம்புப் பக்கம் திருப்பும். ஒன்றும் கேட்காது. பிறகு நடக்காமலே நின்றது. பிறகு தின்னவில்லை. டாக்டர் வந்து காலை அமுக்கினார், நாக்கை இழுத்தார், காதுக்குள் விளக்கடித்தார், ஒன்றும் இல்லை என்றார். குதிரையின் முதலாளி கீழே சமவெளியில் கூரை ஓடு செய்கிற கம்பெனி நடத்துகிறவர். அவர் போனில் சொன்னதை மாசிலாமணி வந்து சொன்னார்.

"மழைக்கு முன்னாடி லாரி இறங்கும். நடந்து லாரி ஏறினா ஏறட்டும். இல்லேன்னா ஊசி போடச் சொல்லிட்டார்."

தொப்பளான் எழுந்திருக்கவில்லை. "அதுக்கு என்ன நோவு இருக்குன்னு ஊசி?"

"ஓடாததுதான்யா நோவு."

சவரி லாய வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மாசிலாமணி அவனை ஏதோ தூணைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனார்.

"அண்ணே" என்றான் சவரி தொப்பளானிடம். "அதை மரத்தடிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் ஏறறேன். அது சத்தம், அதுகிட்டயே சேத்துடலாம்."

தொப்பளான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ காசு வாங்கினியா?"

"இல்லேண்ணே."

"வாங்கியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் அவர். "சரி, வா."

கற்பூர மரத்தடிக்குக் குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே பாதிப் பகல் ஆனது. ஆனால் மரத்தடியில் நின்றதும் அதற்குக் காது எழுந்தது. அங்கே மட்டும் அதற்குப் பயம் இல்லை. சவரி ஏறி உட்கார்ந்தான். நேரம் வந்தது. குதிரையின் வயிற்றுக்கு நேர் கீழே தும் என்று ஒரு உதை கேட்டது. சாம்பலனின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. இரண்டாவது. சவரி வாரைச் சேர்த்துப் பிடித்து, உடம்பைக் குறுக்கி, மூன்றாவதுக்குக் காத்திருந்தான். மூன்றுக்குப் பிறகுதான் அது கிளம்பும் என்று ஊருக்கே தெரியுமே. மூன்றாவது விழுந்தது. குதிகாலால் அழுத்தினான். சத்தம் அவன் காலுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. குதிரை சத்தமில்லாமல் நாலு எட்டு வைத்து நின்றுவிட்டது.

மறுநாளும் ஏறினான். இந்தத் தடவை மூன்றாவது விழுகிற அதே நொடிக்குக் கிளம்பப் பார்த்தான், ஒரு மயிரிழை பிந்தியது. அதற்கடுத்த நாள் ஒரு மயிரிழை முந்தப் பார்த்தான், கை தானாக மூடிக்கொண்டது. அவன் மூடவில்லை. இத்தனை வருஷம் மூடிப் பழகின விரல், கழுத்து நீண்டால் மூடும். குதிரை சொன்னதைக் கேட்டு நின்றது. ஜனங்கள் வேலியோரம் நின்று தங்கள் சாம்பலனுக்குக் கை தட்டினார்கள், இந்தச் சாம்பலனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஒரு குதிரை, அதன்மேல் வியர்த்துப்போய் ஒரு ஆள். பார்க்க அவர்களுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்.

கௌரம்மா கடையில் ஜமால் உட்கார்ந்து வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். சவரி வந்து நின்றதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். சவரி உட்கார்ந்தான், கௌரம்மா அவனுக்கும் ஒரு டீ வைத்தாள்.

"என்னண்ணே, இன்னும் பொறுத்துட்டே இருக்கியா?"

"வாயை மூடு."

"கோவிக்காதேண்ணே. மூணாவது உதைக்கு ஏன் காத்திருக்கே?"

"மூணாவதுக்குத்தானே அது கிளம்புது."

"அது கிளம்பறது மூணாவதுக்கு. அது கேக்கறது முதலாவதுக்கே" என்றான் ஜமால். வர்க்கி உடைந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டு எடுத்தான். "ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதே. அன்னிக்கி நான் அவ்வளவு மெதுவாப் போனேனே, எந்த தைரியத்துல போனேன்? சாம்பலன் கிளம்பியிருந்தா என் கிழவி செத்தா. அது கிளம்பப் பாக்கும்னு எனக்குத் தெரியும். நீ விடமாட்டேன்னும் தெரியும். ஜனம் அவ்வளவு ஜனம். நீ கடைசியிலதான் வருவே. நான் உன்னை நம்பித்தாண்ணே மெதுவாப் போனேன்."

சவரி டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். கௌரம்மா அந்த கிளாஸை எடுத்துக் கீழே ஊற்றினாள். அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் குதிரைக்காரர்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அவளுக்கு முழுசாகப் புரிந்தது வேறு ஒன்று. இவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறான்.

அது ஊர் முழுக்கப் பரவ ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதுவரை அவன் ஏதோ பைத்தியத்தில் குதிரை ஏறுகிறான் என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது யோசித்தார்கள். சத்தம் போய்விட்டால்? அந்த நேரத்துக்கு என்ன செய்வது? மூட்டையை எதற்கு இறக்கி வைப்பது? போஸ்ட்மேன் பெள்ளிக்கு அந்த மாதம் கடிதம் கொடுக்கப் போகிற எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லி காப்பி கொடுத்தார்கள், முதல் முறையாக ஜெயிக்கிற குதிரைமேல் கட்டினவன் என்று, அவன் அழுதேவிட்டான்.

மேகம் மேற்கிலிருந்து இறங்க ஆரம்பித்தது. லாரிகள் வந்து லாயத்துக்கு வெளியே நின்றன. டாக்டர் தன் பெட்டியோடு வந்து மாசிலாமணியின் அறையில் உட்கார்ந்தார். சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். தொப்பளானும் சவரியும் குதிரையை நடத்திக்கொண்டு மைதான வாசலுக்கு வந்தபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஊர் நின்றது. முன்னால் கௌரம்மா.

"எங்கே போறே சவரி?"

"வழி விடுங்கக்கா. இன்னிக்கி விட்டா இதுக்கு நாளைக்கி இல்லை."

"எங்களுக்கு மட்டும் இருக்கா? ஒருக்கா எங்ககிட்டேருந்து புடுங்கினே. நாங்க ஏதாவது கேட்டமா? உன் வீட்டு முன்னாடி வந்து மண்ணை வாரித் தூத்தினமா? கடவுளாப் பாத்து அதைத் திருப்பிக் குடுத்திருக்காரு. அதையும் புடுங்க வந்துட்டியா?"

"அது உங்களது இல்லேக்கா."

"பின்னே உன்னதா?"

"இதோடது." குதிரையைக் காட்டினான்.

ஒருவரும் குதிரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவரும் நின்றார், விசாரணை நடத்தினவர்களில் ஒருவர். அவரும் தினமும் சத்தம் கேட்க வருகிறவர்தான். சவரி அவரைப் பார்த்தான். பிறகு கௌரம்மாவைப் பார்த்தான். பேசிப் பழக்கமில்லாத ஆள், பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தான்.

"மெதுவாப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். விசாரணையில தெரியலைன்னேன். பொய். மரத்துகிட்ட வரும்போதே தெரியும். இதுவும் சொல்லுச்சு. மூணு தடவை சொல்லுச்சு. நான் விடலை."

"ஏன்?" என்றாள் கௌரம்மா. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். "காசும் வாங்கலையே. ஏன்?"

"நீங்கள்லாம் பாத்துட்டிருந்தீங்க. கடைசியில வந்தா கத்துவீங்க." நிறுத்தினான். "அந்தக் கத்தலுக்குத்தான்."

ஊர் நின்றது. யாரும் திட்டவில்லை. ஒரு கேரட்காரப் பெண் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தாங்கள் அத்தனை வருஷம் எறிந்த தொப்பியும் அடித்த விசிலும் இப்படிக் கணக்கில் வரும் என்று யார் நினைத்தார்கள்? அவனைப் பார்ப்பதா, குதிரையைப் பார்ப்பதா என்று தெரியாமல், கடைசியில் எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அதன் விலா எலும்பு அவர்கள் கண்ணில் பட்டது.

"லைசென்ஸை நாளைக்கு ஆபீசுல குடுத்துடு" என்றார் கோட்டுக்காரர், தணிந்த குரலில்.

"சரிங்க."

கௌரம்மா கயிற்றை அவிழ்த்தாள். "போய்த் தொலை" என்றாள்.

மரத்தடியில் சவரி ஒன்று செய்தான். குதிரையின் வாயிலிருந்து கடிவாள இரும்பைக் கழற்றித் தொப்பளான் கையில் கொடுத்தான். வாரையும் கழற்றினான். தொப்பளான், "எதைப் புடிப்பே?" என்றார். "எதையும் இல்லே" என்றான். ஏறி உட்கார்ந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவன் கையில் ஒன்றும் இல்லை. மேகம் வந்து மரத்தைத் தொட்டது. நேரம் ஆனது.

தும்.

சாம்பலன் கழுத்தை நீட்டியது. சவரியின் விரல்கள் மூட வந்தன, மூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, காற்றுதான் இருந்தது. இரண்டாவது உதை விழவில்லை. அது விழுவதற்கு முன்னால் குதிரை போய்விட்டது.

முதல் நாலு எட்டு சத்தமில்லாமல் போனது. பிறகு ஒரு குளம்பு கேட்டது. பிறகு இரண்டு. வேலியோரம் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வளைவில் நாலும் கேட்டது, அதுவரை தினமும் கேட்ட சத்தம்தான், ஆனால் இப்போது அதற்குமேல் மூச்சு இருந்தது, நுரை இருந்தது, சேணத்தோல் கிறீச்சிட்டது, ஒரு உடம்பு இருந்தது. ஈர மண் சட்டைகளில் வந்து விழுந்தது. நேர்ப்பாதையில் அது இறங்கி வந்த வேகத்தில், அதன் முதுகில் இருந்தவன் ஓட்டவில்லை, எங்கே கிளம்புவது எங்கே பிடிப்பது என்று எதையும் தீர்மானிக்கவில்லை, துணிக்கொடியில் துணி போலப் படபடத்துக்கொண்டு கூட வந்தான். அழுதுகொண்டு வந்தான் என்று சிலர் சொல்வார்கள், காற்றில் எல்லாருக்கும் கண்ணில் நீர் வரும். கம்பத்தைத் தாண்டினார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் வாய் வரவில்லை. அந்த அமைதிக்குள் சாம்பலன் ஓட்டத்தைக் குறைத்து, நடந்து, தானாகத் திரும்பி, சிமெண்ட் தரையில் டக் டக் என்று ஊருக்கே கேட்க நடந்து லாயத்துக்குள் போய், தொட்டியில் மூக்கை விட்டது.

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

மறுநாள் காலை மழைக்கு முன்னால் லாரிகள் இறங்கின. சாம்பலன் பலகையில் கால் வைத்து ஏறுகிற சத்தத்துக்கு மார்க்கெட் வரை ஆட்கள் நின்றார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பத் திரும்ப, உள்ளே அது பலகையை உதைக்கிற சத்தம் ஒரு வளைவுக்குக் கேட்டது, ஒரு வளைவுக்குக் கேட்கவில்லை, பிறகு கேட்கவில்லை. அன்று பிற்பகல் போலீஸ்காரர் பழக்கத்தில் கயிறு கட்டினார். மூட்டைக்காரர்கள் பழக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்தார். அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சவரி கீழே போகவில்லை. அவன் விரல்கள் அதற்குப் பிறகு மூடவில்லை. சாம்பலன்மேல் எப்படி விரித்து வைத்தானோ அப்படியே விரிந்து நின்றன, வெற்றிலை மாதிரி. வாரைப் பிடிக்க முடியாது, சில்லறை எண்ண முடியாது, சட்டைப் பொத்தானைப் பக்கத்து அறைக்காரன்தான் போட்டு விடுவான். ஆஸ்பத்திரியில் காரணம் தெரியவில்லை என்றார்கள், ஊரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது அவன் சீசனுக்குச் சீசன் தொப்பளானோடு காலையில் குதிரைகளை நடத்திக்கொண்டு போகிறான். கயிறு பிடிப்பதில்லை. முன்னால் நடக்கிறான், அவை பின்னால் வருகின்றன. சில சமயம் வருவதில்லை. அவை வருகிறபோது வரட்டும் என்று நிற்பான்.

நடை முடிந்து கௌரம்மா கடைக்கு வருவான். கிளாஸைப் பிடிக்க முடியாது என்பதால் அவனுக்கென்று ஒரு வாயகன்ற கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறாள். ஊற்றி, விரிந்த இரண்டு உள்ளங்கைமேலும் வைப்பாள். வைக்கும்போது அவள் மூளிக் காது அவன் முகத்துக்கு நேரே வரும். தினமும் அதைப் பார்ப்பான்.

"பொறு, சூடா இருக்கு" என்பாள் அவள்.

அவன் பொறுப்பதில்லை. நாக்கு வெந்தாலும் அப்போதே குடித்துவிடுவான்.